குன்றா, குமரனா?



போர்ட் பிளேர் நகரிலிருந்து தென்மேற்கே, முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், வண்டூர் என்னும் கடற்கரைச் சிற்றூர் இருக்கிறது. (போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றுள்ளது. எங்களைப் போன்ற பழைய ஆட்களின் நாவில் முன்னால் வந்து நிற்பது பழைய பெயர்தான். நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவிற்கு வாயில் இவ்வூரே. பவளப் பாறைகளைக் காண வருவோர் இங்குதான் படகேறுகின்றனர். மாலையில் அவர்கள் திரும்பிவிடுவர். நாங்கள் திரும்புவதில்லை, எங்கள் குடும்பம் இம்மண்ணில் வேர் பிடித்து மூன்று தலைமுறையாகிறது.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கடுமையானது. நேற்றுவரை நம் கையைப் பற்றிக்கொண்டு சந்நிதியில் நின்ற பிள்ளை, மீசை அரும்பும் வயதில் ஒரு நாள், "எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை" என்கிறான். சொந்த ஊரில் இது ஒரு வீட்டுச் சச்சரவோடு முடிந்துபோகும். பிள்ளை கோயிலுக்குப் போகாவிட்டால் என்ன? தெருவில் தமிழ் இருக்கிறது. பள்ளியில் தமிழ் இருக்கிறது. மாமன் மச்சான் உறவு நாலு வீடு தள்ளி இருக்கிறது. வெளி மாநிலத்தில் நிலைமை அதுவன்று. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி, அந்தமான் நிக்கோபாரில் நூற்றுக்குப் பதினைந்து பேர்தாம் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அந்தப் பதினைந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பது கோயிலில்தான். பெண் கேட்பதும், வேலை விவரம் விசாரிப்பதும், ஊரில் யார் காலமானார் என்று அறிவதும் அந்தப் பிராகாரத்தில்தான். ஆகவே, பிள்ளை 'முருகன் இல்லை' என்று சொல்லும்போது, 'நான் உங்களைச் சேர்ந்தவன் அல்லன்' என்று சொல்வதாகவே பெற்றோர் செவியில் விழுகிறது. மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் உள்ள நேயர்களுக்கு இதனை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் நிலம் நடுங்கிற்று. நிற்க முடியவில்லை, தென்னைகள் தலையை விரித்து ஆடின. சற்று நேரத்தில் கடல் பின்வாங்கியது, பிறகு ஏறிவந்தது, போயிற்று, மறுபடியும் வந்தது. எங்கள் பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டிற்குப் பின்னாலிருந்த குன்றின்மேல் ஏறினோம். ஏறும்போது அவனுடைய பாட்டி உரத்த குரலில் நேர்ந்துகொண்டாள்: "முருகா, பிள்ளையைக் காப்பாற்று, பதினாறு வயதில் உனக்குக் காவடி எடுப்பான்."

பிள்ளை பிழைத்தான். நாங்கள் அனைவரும் பிழைத்தோம். மேட்டிலிருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தபோது, ஓர் இரவு, பாதித் தூக்கத்தில் அவன் கேட்டான்: "தாத்தா, நம்மைக் காப்பாற்றியது முருகனா, குன்றா?"

குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கிறான் என்று சொல்லித் தூங்கவைத்தோம். நல்ல விடை சொன்னதாக அன்று எங்களுக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

அடுத்த வீட்டு அம்மையாரின் மகன் கார் நிக்கோபாருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்தான். எங்கள் பேரனுக்குப் பட்டம் கட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். அவன் திரும்பவில்லை. கார் நிக்கோபார் தட்டையான தீவு. அந்தக் கடற்கரையில் ஓடி ஏறுவதற்கு அருகே குன்றில்லை.

கடல் இறங்கிய பிறகும் அது செய்த வேலை நின்றுவிடவில்லை. தென் அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது. தெற்குக் கோடியிலுள்ள இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானிலோ நேர்மாறாகக் கரை உயர்ந்து, பவளப் பாறைகள் நீருக்கு வெளியே வெயிலில் காய்ந்து மாண்டன. எங்கள் பக்கத்தில் நெல் விளைந்த தாழ்நிலங்களில் ஒவ்வொரு பெருக்கின்போதும் உப்புநீர் வந்து போயிற்று. வண்டூர்க் கரையில் வேரோடு சாய்ந்த பெருமரங்கள் வெளுத்த எலும்புகளைப்போலக் கிடந்தன. இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே அந்தப் பிள்ளை வளர்ந்தான். பூமித்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழே நழுவுவதால் இவ்வாறு நேர்கிறது என்று பள்ளியில் படித்தான். ஓரிடம் தாழ்ந்ததும் ஓரிடம் உயர்ந்ததும் எவருடைய புண்ணியத்தையும் பாவத்தையும் பார்த்து நடக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், வேளாங்கண்ணிப் பேராலயத்திற்குள் நீர் நுழையாத அற்புதத்தை உருக்கத்துடன் விவரித்தார். பையன் கேட்டான்: "கடற்கரையில் நின்று மாண்டவர்களும் அந்த மாதாவை வணங்க வந்தவர்கள்தாமே?" உறவினர் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் காபி கொண்டுவரச் சொன்னோம்.

இந்தக் கேள்வி எங்கள் பேரனின் கண்டுபிடிப்பு அன்று. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரை நிலநடுக்கமும் பேரலையும் தீயும் அழித்தபோது, தேவாலயங்கள் மக்களால் நிறைந்திருந்தன. அதைக் கேட்டு வால்டேர் எழுதிய கவிதை ஐரோப்பாவையே கலக்கிற்று. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னதாக நம் பக்குடுக்கை நன்கணியார், ஒரு வீட்டில் சாப்பறையும் மற்றொரு வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிப்பதைக் கேட்டு, இவ்வாறு படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் வைதுவிட்டார். வள்ளுவரோ, இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்றார். இவ்விருவரையும் நாம் பாட நூலில் வைத்துப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பிள்ளை அதனைப் புரிந்துகொண்டு வந்து நின்றால் மட்டும் திடுக்கிடுகிறோம்.

பேரனுக்குப் பதினாறு வயது நிறைந்தது. பங்குனி உத்திரம் வந்தது. பாட்டி நேர்த்திக்கடனை நினைவூட்டினாள். அவன் எடுக்கமாட்டேன் என்றான்.

முதலில் சோம்பல் என்று நினைத்தோம். பிறகு சகவாச தோஷம் என்று நினைத்தோம். மூன்றாவது நாள்தான் அவன் காரணம் சொன்னான். "பக்கத்து வீட்டு அத்தையும் அன்றைக்கு முருகனைத்தான் கூப்பிட்டார்கள். நான் காவடி தூக்கிக்கொண்டு அவர்கள் வாசல் வழியாகப் போனால், 'என்னைக் காப்பாற்றினான், உங்கள் பிள்ளையை விட்டுவிட்டான்' என்று அவர்களிடம் சொல்வதாகத்தானே பொருள்? அது நியாயமா, தாத்தா?"

அன்பர்களே, கவனியுங்கள். நம்பிக்கை போனால் ஒழுக்கமும் போய்விடும் என்று நாம் அஞ்சுகிறோம். அந்தப் பையனின் விஷயத்தில் ஒழுக்கம்தான் முன்னே வந்து நின்றது. நம்பிக்கை அதன் எதிரே நிற்கமாட்டாமல் விலகிற்று. அது அன்று எங்களுக்கு விளங்கவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான், தெய்வத்தின் கடனை வைத்திருந்தால் குடும்பத்திற்கு ஆகாது என்று அதட்டினோம். பாட்டி இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அந்த ஆயுதத்திற்கு எந்தப் பிள்ளைதான் ஈடுகொடுப்பான்? அவன் காவடி எடுத்தான். மஞ்சள் துணி கட்டி, வாயை இறுக மூடிக்கொண்டு, அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனான். உடன் வந்தவர்கள் அரோகரா போட்டார்கள். பார்த்தவர்கள், "எவ்வளவு பக்தி" என்றார்கள்.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டு அவன் எங்களிடம் மனம்விட்டுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்கு வந்தான்; உதட்டை மட்டும் அசைத்தான். பொய் சொல்லக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். முதன்முதலாக அவன் ஒழுங்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டதும் எங்கள் வீட்டுப் பூசை அறையில்தான்.

அந்த இரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு இத்தீவுகளின் பழங்கதையை மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்தமான் என்பதே விதி மீறப்பட்ட இடம். 1858 முதல் இங்குத் தண்டனைக் கைதிகளைக் கொண்டுவந்து குவித்தது ஆங்கில அரசு. 'காலாபானி'யைக் கடந்தால் சாதி போய்விடும் என்பது அக்கால நம்பிக்கை. அவ்வாறு சாதி போனவர்கள் இங்கே நிலம் திருத்தி, வேறு சாதியில், சில வேளை வேறு மதத்தில் மணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று வாழ்ந்தார்கள். உலகம் கவிழ்ந்துவிடவில்லை. வண்டூர் என்னும் பெயரும் அவ்வாறு கடல் கடந்து வந்ததே. 1921-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் மலபாரிலிருந்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், தாங்கள் இனிக் காணமுடியாத வண்டூரையும் மஞ்சேரியையும் திரூரையும் இங்கே பெயரளவில் மீண்டும் நட்டுக்கொண்டனர். தொலைந்துபோன ஊரைப் பெயராக வைத்துக்கொள்ளும் அந்த ஆசையும், எங்கள் பாட்டி காவடிக்குப் பிடித்த பிடிவாதமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

இனி, செல்லுலர் சிறையின் வரலாறு. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறைக்கு முதலில் வந்த வங்கப் புரட்சியாளர் பலர் காளியின் முன்னிலையில், கீதையையும் வாளையும் வைத்துச் சத்தியம் செய்து இயக்கத்தில் சேர்ந்த இளைஞர்கள். பஞ்சாபைச் சேர்ந்த ராம் ரக்கா என்பவர், முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் இங்கே அடைக்கப்பட்டார். அவருடைய பூணூலைச் சிறை அதிகாரிகள் பறித்தார்கள். அது திரும்பக் கிடைக்கும்வரை உண்ணேன் என்று கிடந்து அவர் உயிர் துறந்தார்.

1930-களில் அதே சிறைக்கு மற்றொரு தலைமுறை வந்தது. 1933 மே மாதத்தில் உண்ணாவிரதம் தொடங்கிற்று. பலவந்தமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிசோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் மாண்டனர். அவர்களது சாவுக்குப் பிறகே படிக்கப் புத்தகமும் விளக்கும் கிடைத்தன. புத்தகம் கிடைத்ததும் அந்த இளைஞர்களின் மனம் வேறு வழியில் சென்றது. 1935-ல் சிறைக்குள்ளேயே கம்யூனிஸ்டு அமைப்பொன்று உருவாயிற்று. காளி முன் சத்தியம் செய்து உள்ளே வந்தவர்களில் பலர், கடவுளும் இல்லை, மறுபிறவியும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். அப்படி வந்தபின் என்ன ஆனார்கள்? 1937-ல் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உண்ணாவிரதம் இருந்தார்கள். மேலுலகில் பலன் கிடைக்கும் என்ற எண்ணமே இல்லாதவர்கள், பக்கத்து அறையில் இருந்தவனுக்காகப் பட்டினி கிடந்தார்கள். பூணூலுக்காக உயிர்விட்ட ராம் ரக்காவின் கதையையும் இவர்கள் கதையையும் ஒரே சுவர் கேட்டிருக்கிறது.

இவர்களுள் பதுகேஸ்வர் தத்தின் தோழர் பகத்சிங். அவர் அந்தமானுக்கு வரவில்லை. 1931 மார்ச் 23-ல் லாகூரில் தூக்கிலிடப்பட்டார். ஆயினும் நமது பொருளுக்கு அவரைப்போல் சான்று வேறில்லை. 1930 அக்டோபரில், இருபத்துமூன்று வயதில், தாம் ஏன் நாத்திகர் ஆனார் என்று சிறையிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். லாகூரில் ஆரிய சமாஜப் பள்ளியின் விடுதியில் இருந்தபோது, இரு வேளைப் பிரார்த்தனையோடு, மணிக்கணக்கில் காயத்ரி செபித்தவர் அவர். 1926-ன் முடிவில் அவருக்கு அந்த நம்பிக்கை முற்றும் அகன்றது. மறு ஆண்டு கைதானபோது, காவல் அதிகாரிகள் பிரார்த்தனை செய்யச் சொல்லித் தூண்டினர். இக்கட்டான வேளையிலும் தம் கொள்கை நிற்கிறதா என்று தம்மையே சோதித்துக்கொண்டு, செய்யாமலே இருந்துவிட்டார். எங்களுக்கு அக்கட்டுரையில் பெரிதாகப்படுவது இன்னொன்று. கடவுள் நம்பிக்கை துன்பத்தை மென்மையாக்குகிறது என்பதை அவர் மறைக்கவில்லை; அந்த ஊன்றுகோல் இல்லாமல் ஒருவன் தன்னையே நம்பி நிற்பது எளிதன்று என்றும் ஒப்புக்கொள்கிறார். வன்முறையைப் பற்றியும் அவர் அதிலேதான் தம்மைக் கடிந்து விசாரிக்கிறார்: பயங்கரமான அவசியம் நேர்ந்தாலன்றி அது கூடாது, மக்கள் இயக்கத்திற்கு அகிம்சையே வழி என்கிறார். கடவுளை விட்டவர் ஒழுக்கத்தை விடவில்லை. கணக்குக் கேட்க மேலே எவரும் இல்லையென்ற பிறகு அவர் தம்மிடமே கணக்குக் கேட்டார்.

அந்தக் கட்டுரையைத் தமிழில் ஆக்கியவர் ப. ஜீவானந்தம். வெளியிட்டது பெரியாரின் இயக்கம். 1930-களின் நடுவில் அதற்காக ஜீவாவும், பதிப்பித்த ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டார்கள். ஆக, வீட்டுப் பிள்ளை ஒருவன் 'இல்லை' என்று சொல்லும்போது, அவன் வெளியூர்ப் பேச்சைப் பேசுகிறான் என்று எண்ணவேண்டாம். அதற்கும் தமிழில் நீண்ட வரிசை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில், சமயவாதிகள் பலரும் பேசுவதை அவள் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதி ஒருவன்; கண்ணால் காண்பதே மெய் என்பவன். அவள் அவனை ஏசவில்லை. உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று சிரித்துக் கேட்கிறாள். இத்தகைய கேள்வியை எங்கள் பேரனிடம் கேட்கும் நிதானம் எங்களுக்கு இல்லாமற் போயிற்று.

எல்லாப் பிள்ளைகளும் பகத்சிங் ஆகிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூசைக்கு எழுந்திருக்க அலுப்புப்பட்டு நாத்திகம் பேசுவோரும் உண்டு. தலைகீழாக நடப்பதும் உண்டு. எங்கள் நண்பர் ஒருவர் பரம்பரையாகக் கறுப்புச் சட்டைக் குடும்பம். அவர் மகன் கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டு கறுப்பு வேட்டி கட்டினான். தந்தை எங்களிடம் வந்து, "நிறம் மட்டும் மாறவில்லை" என்று சொல்லி வருத்தப்பட்டார். அவர் வருத்தமும் எங்கள் வருத்தமும் ஒரே தராசில் ஒரே எடைதான்.

பேரன் இப்போது கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறான். பதினெட்டு வயதில், படிப்பதற்காகச் சென்னைக்குக் கப்பலேறுமுன், அவனே பாட்டியிடம் போய் உட்கார்ந்து, "பாட்டி, நான் கும்பிடவில்லை, கும்பிடுவதுபோல் நடித்தேன்" என்று சொன்னான். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நடிக்கவைத்தது நான்தானே" என்றாள். அன்றிலிருந்து பஜனைக்கு அவனை யாரும் அழைப்பதில்லை. ஆனால் சுண்டலுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவான். தமிழ் பேசுவதை அவன் விடவில்லை. கோயில் கணக்கு எழுத ஆள் இல்லையென்றபோது, விடுமுறையில் வந்தவன் இரண்டு ஆண்டுக் கணக்கை உட்கார்ந்து நேர்செய்து கொடுத்தான். நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கு அது அவ்வளவாக மகிழ்ச்சி தரவில்லை என்பது வேறு கதை.

விடுப்புக் கிடைக்கும்போதெல்லாம் டிசம்பர் 26-ஆம் நாள் அவன் அடுத்த வீட்டிற்குப் போகிறான். அந்த அம்மையார் மகனின் படத்துக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். இவன் கும்பிடுவதில்லை, சுவரோரம் நிற்கிறான். பிறகு இருவரும் அந்தப் பிள்ளை கட்டிய பட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். புறப்படும்போது அவர் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை வருகிறார். சென்ற ஆண்டு நாங்களும் உடன் இருந்தோம். அவன் ஆறடி உயரம். அவருக்குக் கை எட்டாது. அவன் சற்றுக் குனிந்து நெற்றியைக் காட்டினான்.